நர்ஸ் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்

பக்கவாதம் வந்து பதினேழு நாள் மருத்துவமனையில் இருந்த என் அம்மாவை, 79 வயதில், திருச்சியிலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தபோது, மூக்கு வழியாக உணவு செலுத்தும் டியூபும் சிறுநீர் டியூபும் கூடவே வந்தன. வலது கையும் காலும் அசையவில்லை. வாடகைக் கட்டில், ஏர் பெட், டயப்பர் எல்லாம் ஒரே மாலையில் கிடைத்துவிட்டன. பார்த்துக்கொள்ளும் ஆள் கிடைப்பதுதான் பெரும்பாடாயிற்று.

வீட்டுக்குச் செவிலியர்களை அனுப்பும் ஒரு நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்து, டியூப் இருப்பதையும் இரவு பகலாகத் தங்கும் நர்ஸ் வேண்டும் என்பதையும் இருமுறை சொன்னேன். "அனுபவமுள்ள சிஸ்டரை அனுப்புறோம் சார், கவலையே படாதீங்க" என்றார்கள். பதிவுக் கட்டணம் 3,000 ரூபாய், முன்பணம் 15,000, நாளொன்றுக்கு 1,300. பதிவு பெற்ற செவிலியர் ஒருவர் அந்தத் தொகைக்கு இருபத்து நான்கு மணி நேரமும் தங்குவாரா என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வந்த களைப்பில், நீட்டிய படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வந்த பெண் நல்லவர். அம்மாவைத் துடைப்பதிலும் புரட்டிப் படுக்க வைப்பதிலும் கைதேர்ந்தவர். மூன்றாம் நாள் இரவு ஒன்றரை மணிக்கு அம்மா இடது கையால் மூக்கு டியூபை உருவி எறிந்துவிட்டார். அந்தப் பெண் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "எனக்கு டியூப் போடத் தெரியாதுண்ணா. ஆறு மாசக் கோர்ஸ்தான் படிச்சிருக்கேன், ஆபீஸ்ல அவங்களுக்கும் தெரியும்" என்றார். அவர் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை; நாங்களும் முதல் நாளே அவரிடம் கேட்டிருக்கவில்லை. வெளியே வந்த டியூபை நாமே திரும்பச் செருகிப் பார்க்கவே கூடாது, அது மூச்சுக் குழாய்க்குள் போய்விடலாம் என்பது மட்டும் எனக்குத் தெரிந்திருந்தது. தனியார் ஆம்புலன்ஸைப் பிடித்து அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய், வரிசையில் காத்திருந்து, பத்து நிமிட வேலையை முடித்துக்கொண்டு திரும்பியபோது விடிந்துவிட்டது.

காலையில் நிறுவனத்தை அழைத்தால், "படிவத்தைப் பாருங்க சார்" என்றார் மேலாளர். பார்த்தேன். 'செவிலியர்', 'பராமரிப்பாளர்' என்ற இரு கட்டங்களில் இரண்டாவதில் அவர்களே டிக் செய்திருந்தார்கள். முப்பது நாளுக்குள் ரத்து செய்தால் முன்பணம் திரும்பாது என்ற வரி பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருந்தது. நர்ஸ் வேண்டும் என்பவர்கள், வருபவர் படித்தது ஏஎன்எம்மா (துணைச் செவிலியர் படிப்பு), ஜிஎன்எம்மா (பொதுச் செவிலியர் பட்டயப் படிப்பு) என்று கேட்டு, மாநிலச் செவிலியர் குழுமப் பதிவு எண்ணையும் வாங்கிக்கொள்ளுங்கள். டியூப் மாற்றுவது, ஊசி போடுவது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது ஆகியவற்றில் எதை எல்லாம் வருபவர் செய்வார் என்று படிவத்திலேயே எழுத வைத்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

அடுத்த அலைச்சல் அரசுத் திட்டத்துக்காக. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், இரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வலி தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கே வரும் என்பதால் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனேன். அம்மாவின் ஆதாரில் சொந்த ஊர் முகவரி இருந்ததைப் பார்த்த ஊழியர், அங்கேதான் பதிய வேண்டும் என்று அனுப்பிவிட்டார். விடுப்புப் போட்டு அந்த ஊருக்குப் போனால், நோயாளியே இங்கு இல்லாதபோது யாரைப் போய்ப் பார்ப்பது என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானதுதான் என்பது எரிச்சலை இன்னும் கூட்டியது.

வழி கிடைத்தது பக்கத்து வீட்டில். அங்குள்ள பாட்டிக்கு மாதந்தோறும் மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலரை வாசலிலேயே மடக்கி விவரம் சொன்னேன். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டார், ஆதாரைக் கேட்கவேயில்லை. ஒரு வாரத்தில் வலி தணிப்புச் சிகிச்சைச் செவிலியரும், அதற்கடுத்த வாரம் இயன்முறைச் சிகிச்சையாளரும் வந்துவிட்டார்கள்.

அந்தச் செவிலியர் அம்மாவைப் பக்கவாட்டில் புரட்டி, முதுகுக்குக் கீழே தண்டுவட முடிவில் சிவந்திருந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்தார். வெளுக்காமல் சிவப்பு அப்படியே நின்றது. படுக்கைப் புண்ணின் தொடக்கம் இதுதான் என்றவர், குனிந்து கட்டில் காலில் மாட்டியிருந்த ஏர் பெட் பம்பைப் பார்த்தார். கெட்டியாக இருந்தால் நல்லது என்று எண்ணி நான் திருகைக் கடைசி வரை திருப்பி வைத்திருந்தேன். "இது பலகை மாதிரி ஆயிடுச்சுங்க" என்று சொல்லி அம்மாவின் எடைக்கு ஏற்றபடி குறைத்தார். ஏர் பெட் இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டியே ஆக வேண்டும் என்றும் கண்டிப்பாகச் சொன்னார். வாடகைக்குக் கொடுத்த கடைக்காரர் இதில் ஒன்றையும் சொல்லவில்லை.

சிறுநீர் டியூபை மாற்ற வேண்டிய நாளைக் கணக்கிட, அது எந்தத் தேதியில் போட்டது என்று அவர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. டிஸ்சார்ஜ் சம்மரியிலும் இல்லை. மருத்துவமனைக்குப் போனால், மருத்துவர் செவ்வாய்க்கிழமைதான் வருவார் என்று பதிவேட்டுப் பிரிவில் திருப்பி அனுப்பினார்கள். செவ்வாயன்று தேதியை எழுதி வாங்கியபோது, வீட்டில் இயன்முறைச் சிகிச்சை தேவை என்ற வரியையும் சேர்க்கச் சொன்னேன். தனியாரிடம் எடுத்த முதல் நான்கு அமர்வுகளின் பில்லை, மருத்துவர் பரிந்துரை இல்லை என்று காப்பீட்டு நிறுவனம் அதற்குள் நிராகரித்திருந்தது. இந்த வரியோடு மீண்டும் அனுப்பியதும் பணம் வந்தது. பராமரிப்பாளர் சம்பளத்துக்கு எங்கள் பாலிசியில் இடமே இல்லை.

இப்போது பகலுக்கு மட்டும் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு அக்கா வருகிறார்; இரவு நானும் தம்பியும் முறை போட்டுப் பார்க்கிறோம். மூக்கு டியூபை எடுத்தாகிவிட்டது, அம்மா கெட்டியான கஞ்சியைக் கரண்டியால் விழுங்குகிறார். முன்பணத்துக்காக 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்து, படிவத்தின் நகலையும் அவசரச் சிகிச்சைச் சீட்டையும் இணைத்துப் பதிவுத் தபால் அனுப்பிய பிறகு 9,000 ரூபாய் திரும்பி வந்தது. மீதி 6,000 ரூபாய்க்கு இரண்டாவது கடிதத்தை நேற்றுதான் அனுப்பினேன்.