பழைய காடைக் கூட்டத்தில் புதிய காடைகளைச் சேர்த்தல்

வணிகப் பண்ணைகளில் ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, ஒன்றாகவே விற்றுத் தீர்த்துவிடுவதால், பழைய காடை, புதிய காடை என்ற சிக்கலே அங்கு எழுவதில்லை. வீட்டின் பின்புறத்திலோ மொட்டை மாடியிலோ முட்டைக்காகப் பத்து, இருபது காடைகளை வைத்திருக்கும் நம்மைப் போன்றவர்களுக்குத்தான் அந்தச் சிக்கல் வருகிறது. ஒரு வயதை ஒட்டி முட்டை குறையத் தொடங்கும்போது இளங்காடைகளை வாங்கிச் சேர்க்காமல் இருக்க முடியாது. அவற்றை நேரே பழைய கூண்டுக்குள் விட்டால், மாலைக்குள் ஒன்றின் தலைத்தோல் உரிந்து மண்டை தெரியும் அளவுக்குக் கொத்துப்பட்டிருக்கும். இதைத் தவிர்க்க முடியும் என்பதையும், அதற்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்பதையும் சற்று விரிவாக எழுத நினைக்கிறேன்.

நாம் வளர்ப்பது ஜப்பானியக் காடை. 1974இல் அமெரிக்காவிலிருந்து உத்தரப் பிரதேசத்தின் இஸத்நகருக்குக் கொண்டுவரப்பட்டு, பின்னர் நாடு முழுவதும் பரவிய இனம் இது. பல தலைமுறைகளாகக் கூண்டில் வாழ்ந்து பழகியிருந்தாலும், ஆண் காடையின் சண்டைக் குணம் சிறிதும் மங்கவில்லை. குறும்பூழ்ப் போர் என்று சங்கப் பாடலில் வருகிற காடைச் சண்டை நம் மண்ணின் காட்டுக் காடைகளை வைத்து நடந்தது. அந்த வேகம் அதன் உறவான இந்த இனத்திலும் அப்படியே இருக்கிறது. பெண் காடைகளும் சாதுவானவை என்று சொல்லிவிட முடியாது. என் கூட்டத்தில் புதியவற்றை முதலில் விரட்டுவது பெரும்பாலும் மூத்த பெண் காடைதான். இந்த இனத்தில் பெண்ணே ஆணைவிட எடை மிகுந்தது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

சண்டைக்குக் காரணம் புதிய காடையின் முகம் என்பதைவிட, அது வந்து நிற்கிற இடம் என்பதே என் உறுதியான எண்ணம். தீவனத் தட்டு, தண்ணீர்க் குவளை, மணல் குளிக்கும் மூலை, பதுங்கும் ஓலைநிழல் என ஒவ்வொன்றையும் பழைய காடைகள் தமக்குரியதாக ஏற்கெனவே பங்கிட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பங்கீட்டுக்குள் புதிதாக ஓர் உயிர் நுழைந்தால் அதற்கென்று எந்த இடமும் இருக்காது. போகிற இடமெல்லாம் இன்னொன்றின் இடமாகவே இருக்கும். ஆகவே, யாருக்கும் சொந்தமில்லாத ஓர் இடத்தை உருவாக்கிவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். பின்னால் நான் சொல்லப்போகும் பெரும்பாலானவை இந்த ஒன்றை ஒட்டியே வருபவை.

ஆனால் அதற்கு முன் தனிமைப்படுத்தும் காலம் ஒன்று இருக்கிறது. அதை எக்காரணம் கொண்டும் சுருக்கக் கூடாது. வாங்கி வந்த காடைகளைக் குறைந்தது 3 வாரம், இயன்றால் 4 வாரம், பழைய கூட்டத்தின் காற்றும் எச்சமும் படாத வேறு இடத்தில் வைக்க வேண்டும். அதே மாடியின் மறுமூலை போதாது. வேறு அறையோ, வீட்டின் எதிர்ப்புறமோ நல்லது. தினமும் பழையவற்றுக்குத் தீவனம் வைத்து முடித்த பிறகே புதியவற்றிடம் போக வேண்டும். குவளை, தட்டு, துடைப்பம், காலணி அனைத்தும் தனித்தனியாக இருக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் நோய் கோழியைத் தாக்கும் அளவுக்குக் காடையைத் தாக்குவதில்லை என்பது உண்மையே. ஆயினும், நோய்க்குறி வெளியே தெரியாத காடைகூடக் கிருமியைச் சுமந்து வரக்கூடும். பக்கத்தில் நாட்டுக்கோழி வைத்திருப்பவர்களுக்கு இது கூடுதல் கவலை. கண்ணில் நுரை, முக வீக்கம், மூச்சில் கரகரப்பு, நீர்த்த எச்சம், சிறகைச் சிலிர்த்துக்கொண்டு ஓரமாக நிற்பது ஆகியவற்றைத் தேடுங்கள். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இறக்கையின் அடியிலும் எச்சத் துவாரத்தைச் சுற்றியும் இறகை ஊதி விலக்கி, பேனும் செள்ளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை எடை போடுவது இன்னும் நல்லது, ஏனெனில் குடல் நோய் கண்ட காடை இறகு மூடிய உடம்புக்குள்ளே இளைக்கும். கண்ணுக்குத் தெரியும் முன்பே தராசில் தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் எச்சத்தை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும்.

இந்த வாரங்களிலேயே வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சரிபார்த்துக்கொள்ளலாம். 5, 6 வாரம் ஆகி, உடம்பு பழையவற்றுக்கு ஏறக்குறைய ஈடாகும் வரை கலக்கக் கூடாது. வழக்கமான பழுப்பு நிறக் காடையில் 3 வாரத்துக்கு மேல் ஆணின் மார்பு செம்பழுப்பாகவும், பெண்ணின் மார்பு கரும்புள்ளிகளோடும் தெரியும். வெள்ளைக் காடையில் இந்த அடையாளம் கிடையாது என்பதால், பருவம் வந்த பிறகு துவாரத்தின் மேலே அழுத்தினால் ஆணிடம் வரும் வெண்ணுரையைக் கொண்டே அறிய வேண்டும். ஓர் ஆணுக்கு 3 முதல் 5 பெண் என்ற கணக்கு கலந்த பிறகும் நிற்க வேண்டும். கூட்டத்தில் ஏற்கெனவே ஆண் இருந்தால், புதிய ஆணைச் சேர்க்கவே வேண்டாம் என்பேன். இருவரில் யார் பெரியவர் என்பது தெரியும் வரை சண்டை நடக்கும். தெரிந்த பிறகும் தோற்றவனுக்கு அந்தச் சிறிய கூண்டில் ஓடி ஒளிய இடம் இருக்காது.

முட்டைக்காக மாலையில் விளக்குப் போட்டு ஒளியை 16 மணி நேரமாக நீட்டுகிறவர்கள், தனிமைக் காலம் தொடங்கும்போதே அந்த விளக்கை நிறுத்திவிடுவது நல்லது. பகல் நீள்வதே ஆண் காடையின் சண்டை வேகத்தைத் தூண்டுகிறது. பகல் குறைந்தால் அது சில வாரங்களில் தணியும். முட்டை குறையத்தான் செய்யும், ஆனால் இடம் மாறும் காடைகள் எப்படியும் சில நாள் முட்டையை நிறுத்திவிடும் என்பதால், இதைப் பெரிய இழப்பாக நான் கருதுவதில்லை.

தனிமைக் காலம் முடிந்ததும், இரு கூட்டத்தையும் ஒரே கூண்டில், நடுவே அரை அங்குலக் கம்பிவலைத் தடுப்பு வைத்துக் குடியமர்த்த வேண்டும். தீவனத் தட்டுகளைத் தடுப்பின் இருபுறமும் வலையை ஒட்டியே வையுங்கள். பக்கத்துப் பந்தியில் அமர்ந்து உண்பவர்களைப் போல அவை ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே உண்ணப் பழக வேண்டும். முதலிரு நாள் வலையை ஒட்டி ஓடுவதும், வலை வழியே கொத்த முயல்வதும் இருக்கும். அது அடங்கிய பிறகு, பலரும் செய்யாத, ஆனால் மிகுந்த பலன் தரும் ஒரு வேலையைச் செய்ய வேண்டும்: பழையவற்றைப் புதியவற்றின் பக்கத்துக்கும், புதியவற்றைப் பழையவற்றின் பக்கத்துக்கும் இடம் மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் மீண்டும் மாற்றுங்கள். எந்தப் பக்கமும் யாருக்கும் நிலையான சொந்தம் அல்ல என்றாகிவிடும்.

கலக்கும் நாளன்று எல்லாக் காடைகளையும் வெளியே எடுத்து, பழைய உமியை அள்ளிக் கொட்டிப் புதிய உமி பரப்பி, தட்டு, குவளை, மணல்தொட்டி எதுவும் முந்தைய இடத்தில் இல்லாதபடி மாற்றி அமைக்க வேண்டும். தீவனமும் தண்ணீரும் குறைந்தது மூன்று இடங்களிலாவது இருக்கட்டும். ஒரு காடை ஒன்றைக் காவல் காத்தாலும் மற்றவை பட்டினி கிடக்காது. தென்னங்கீற்றைச் சாய்த்து வைத்தும், உடைந்த மண்பானையைப் படுக்க வைத்தும், வைக்கோல் கற்றைகளை நட்டும் பார்வையை மறையுங்கள். பதுங்கும் இடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாயில் இருக்க வேண்டும், ஏனெனில் ஒற்றை வாயிலுள்ள பானைக்குள் புகுந்த காடையை வழிமறித்துக் கொத்துவது எளிது. பண்ணை முறையில், தரையில் உமியைத் தடிமனாகப் பரப்பி வளர்க்கும் ஆழ்கூளத்தில் சதுர அடிக்கு 5, 6 காடைகள் வரை விடுவதுண்டு; கலக்கும் காலத்தில் ஒரு காடைக்கு ஒரு சதுர அடியாவது கொடுங்கள். விரட்டப்படும் காடை செங்குத்தாக மேலே பாயும் இயல்புடையது என்பதால், கூரையின் உட்புறத்தில் மெத்தென்ற வலையோ சாக்கோ கட்டுவதையும் மறக்கக் கூடாது.

இரவில் விட்டுவிட்டால் காலையில் ஒன்றாக விழித்துப் பழகிவிடும் என்று கோழி வளர்ப்போர் சொல்லும் யோசனையைக் காடைக்குப் பின்பற்ற எனக்கு மனம் வருவதில்லை. கோழி கொம்பில் ஏறி அடையும், இருட்டில் அசையாது. காடையோ தரையிலேயே தங்குவது. விடியலின் முதல் வெளிச்சத்தில் சண்டை தொடங்கும்போது நாம் உறங்கிக்கொண்டிருப்போம். நாள் முழுவதும் அருகில் இருக்க முடிகிற ஒரு விடுமுறை நாளின் காலையில், பச்சை நிழல்வலை போட்டு வெளிச்சத்தைக் குறைத்து, கீரையும், நீரில் மிதந்து வளரும் அசோலாவும் பரவலாகத் தூவிவிட்டுக் கலப்பதே என் வழக்கம். சித்திரை, வைகாசி வெயிலில் இதைச் செய்யவே கூடாது.

முதல் சில மணி நேரம் துரத்தலும் ஓரிரு கொத்தும் இருக்கும். அதில் தலையிட வேண்டாம். இணையும்போது ஆண் பெண்ணின் பிடரி இறகைப் பற்றிக்கொள்ளும் என்பதால், பிடரியில் சற்று இறகு உதிர்ந்திருப்பதை மட்டும் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் ஒரே காடையை மற்றொன்று விடாமல் தேடித் தேடிக் கொத்துவது, தலையைப் பற்றி இழுப்பது, கொத்துப்பட்டது மூலையில் தலையைச் செருகிக்கொண்டு உண்ணாமல் நிற்பது ஆகியவற்றில் எது தென்பட்டாலும் உடனே பிரிக்க வேண்டும். இரத்தம் தெரிந்தால் ஒரு நொடியும் பொறுக்கக் கூடாது. சிவப்பைக் கண்டால் அதுவரை ஒதுங்கியிருந்தவையும் கொத்த வரும். காயம்பட்டதைத் தனியே எடுத்து, கொதித்து ஆறிய உப்புநீரால் கழுவி, போவிடோன் அயோடின் தடவி வைத்தால், பெரும்பாலும் ஆச்சரியப்படும் வேகத்தில் தோல் வளர்ந்துவிடும். காயம் இல்லாதபோது நான் அகற்றுவது அடிபடும் காடையை அல்ல, அடிக்கும் காடையையே. சில நாள் கழித்துத் திரும்பும்போது அதுவே புதியதாக நுழைவதால், அதன் வேகம் பெரும்பாலும் தணிந்திருக்கும்.

ஒற்றைக் காடையை ஒருபோதும் கூட்டத்தில் சேர்க்காதீர்கள்; கொத்து முழுவதும் அதன் ஒரு தலைமேலேயே விழும். அப்படி ஒன்றுதான் கையில் இருக்கிறது என்றால், பழைய கூட்டத்தில் சாதுவான இரண்டு பெண் காடைகளை எடுத்து வந்து அதன் கூண்டில் விட்டு, மூன்றும் பழகிய பிறகு மூன்றையும் சேர்த்தே மற்றவற்றோடு கலக்கலாம். செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் பட்டன் காடையைத் தனியாகவே வையுங்கள். அதன் சிற்றுடம்பு ஜப்பானியக் காடையின் ஒரு கொத்துக்குத் தாங்காது. சாலையோரத்தில் யாரேனும் பிடித்து விற்கும் காட்டுக் காடையை வாங்கவே கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், நோயையும் உடன் கொண்டுவரும்.

கலக்கும்போது கழற்றிய கம்பிவலைத் தடுப்பைச் சுவரோரம் சாத்தி, இரண்டு வாரம் வரை கைக்கெட்டும் இடத்திலேயே வைத்திருங்கள். பழையவையும் புதியவையும் ஒரே மணல்தொட்டியில் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு குளிப்பதைக் கண்டால் கூட்டம் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது என்று கொள்ளலாம். அதன் பிறகு மாலை விளக்கை வாரத்துக்கு அரை மணி வீதம் கூட்டிக்கொண்டே போகலாம். ஒவ்வொரு முறை கூட்டிய மறுநாளும் ஆண் காடையின் நடத்தையைச் சற்று நின்று கவனித்துவிட்டு, துரத்தல் மிகுந்தால் அந்த வாரம் அதே அளவிலேயே நிறுத்திக்கொள்ள வேண்டும்.