மூணு ஓலை, நாலு நடை

மண்டபம், சமையல், ஜவுளி எல்லாம் கேட்ட நாளில் முடிந்தது. கத்தோலிக்கக் கோயில் கல்யாணத்துக்கு எங்களை அலையவிட்டது ஒரே ஒரு தாள்: மாப்பிள்ளையின் திருமுழுக்கு (ஞானஸ்நான) சான்றிதழ்.

வீட்டில் லேமினேஷன் போட்டு வைத்திருக்கும் பழைய சான்றிதழை நம்பாதீர்கள். ஆறு மாதத்துக்குள் வாங்கியதைத்தான் பங்கு அலுவலகத்தில் கேட்பார்கள் (பங்கு என்றால் ஒரு பாதிரியாரின் பொறுப்பில் இருக்கும் கோயிலும் அதன் மக்களும்). கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1122ஆம் எண்படி, யார் எந்தக் கோயிலில் திருமணம் செய்தாலும் அவர் திருமுழுக்குப் பதிவில் அதைக் குறித்தாக வேண்டும். பதிவின் ஓரத்தில் அந்தக் குறிப்பு இல்லை, அதாவது ஏற்கெனவே திருமணம் ஆகவில்லை என்று பார்க்கத்தான் புதுச் சான்றிதழ். உறுதிபூசுதல் என்ற சடங்குக்காக என்றோ வாங்கிய தாளில் அது தெரியாது.

பதிவேடு எங்கே இருக்கிறது என்பதில்தான் முதல் நடை வீணானது. திருமுழுக்கு நடந்த 1996இல் அந்த ஊர் கிளைப்பங்கு, அதாவது இன்னொரு பங்கின் கீழ் இருந்தது. இன்று அது தனிப்பங்கு, புது அலுவலகம் எல்லாம் உண்டு. ஆனால் அங்கிருக்கும் ஏடு பங்கு பிரிந்த வருடத்தில்தான் தொடங்குகிறது, பழையது தாய்ப்பங்கில். அங்கே போனது திங்கட்கிழமை, கதவில் பூட்டு. போன் பண்ணிவிட்டுப் போயிருக்கலாம்.

மூன்றாவது நடையில் எழுத்தர் பிறந்த தேதிக்கான பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, "பேர் இல்லையே தம்பி" என்று ஏட்டை மூடிவிட்டார். ஏடு பிறந்த தேதி வரிசையில் இருக்காது, திருமுழுக்குத் தேதி வரிசையில் இருக்கும். பிள்ளை பிறந்து மூன்று மாதம் கழித்துக் கொடுத்திருந்தால் பெயரும் மூன்று மாதம் தள்ளித்தான் கிடக்கும். எங்களைக் காப்பாற்றியது ஆல்பம். ஞானத்தாய் (திருமுழுக்கில் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர்) பிள்ளையை ஏந்தி நிற்கும் படத்தின் மூலையில் கேமரா தேதி சிவப்பாக விழுந்திருந்தது. நான்காவது நடையில் ஐந்தே நிமிடம்! பெற்றோர், ஞானப்பெற்றோர் பெயர்களையும் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்.

அடுத்தது பெயர். ஏட்டில் அந்தோணி, ஆதாரில் பிரவீன். ஏட்டில் இருப்பதைத்தான் எழுதித் தருவார்கள், அதில் தப்பில்லை. இருவரும் ஒருவரே என்று பங்குத்தந்தையிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். திருமணப் பதிவேட்டில் ஆதார் பெயரும் ஏறியிருக்கிறதா என்று கையெழுத்துக்கு முன்பே பாருங்கள். மேளச்சத்தத்தில் யாரும் பார்ப்பதில்லை.

ஓலை, அதாவது இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் என்று கோயிலில் வாசிக்கும் அறிவிப்பு, பெண், மாப்பிள்ளை இரண்டு பங்கிலும் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டும். ஞாயிறு அறிவிப்புத் தாள் பெரும்பாலும் சனிக்கிழமையே தயாராகிவிடும், ஞாயிறு காலை விவரம் கொடுத்தால் ஒரு வாரம் போச்சு. வாசித்து முடித்ததும், தடை எதுவும் வரவில்லை என்ற கடிதம் திருமணம் நடக்கும் கோயிலுக்குப் போய்ச் சேர இன்னொரு வாரம் வையுங்கள். சான்றிதழ் அலைச்சலுக்குத் தனியாக ஒரு மாதம். பொதுவாகக் கல்யாணம் வைக்காத தவக்காலம் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலம்) குறுக்கே வருகிறதா என்று தேதி குறிக்கும்போதே பார்க்க வேண்டும், மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு இல்லை. திருமண முன்தயாரிப்பு வகுப்பு சிரமமில்லாமல் முடிந்தது.

கோயில் ஏட்டில் பதிந்தாயிற்று என்று இருந்துவிடாதீர்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009 எல்லா மதத்தாருக்கும் பொது. பதிவுக்கு 90 நாள், தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். கோயில் தரும் திருமணச் சான்றிதழில் இரண்டு பிரதி அன்றைக்கே கேட்டு வாங்கிவிடுங்கள். நாங்கள் ஒன்றுதான் வாங்கினோம், அதற்கும் பஸ் ஏற வேண்டியதாயிற்று.