கன்னத்தைக் கிழித்த பல்

"திமிர் ஏறிவிட்டது டாக்டர், கடிவாளத்தை இழுத்தாலே தலையை உதறுகிறது," என்றபடி ஊட்டி ஏரிக்கரையில் சவாரி விடும் பெரியவர் இன்று தம் குதிரையைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

மயக்க ஊசி போட்டு, வாயை விரித்துப் பிடிக்கும் இரும்புச் சட்டத்தைப் பொருத்தி, விளக்கடித்துப் பார்த்தேன். மேல்தாடைக் கடைவாய்ப் பற்களின் வெளிவிளிம்பு கத்திபோல் கூர்ந்து, கன்னத்தின் உட்புறத்தை நீளவாக்கில் கிழித்திருந்தது.

குதிரையின் கடைவாய்ப் பல் ஆண்டுக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஈறிலிருந்து வெளிவந்துகொண்டே இருக்கும். நாளெல்லாம் புல் மேய்ந்தால் ஏறத்தாழ அதே அளவு தேயும். மேல்தாடை கீழ்த்தாடையைவிட அகலமானது என்பதால், மேல்வரிசையின் வெளிவிளிம்பும் கீழ்வரிசையின் உள்விளிம்பும் தேயாமல் கூராகின்றன. கொள்ளும் தவிடுமே பெரும்பங்கு தீனியாகிவிட்டால், தாடையைப் பக்கவாட்டில் அகல அசைத்து மெல்லும் வேலை குறைந்து, இது இன்னும் விரைகிறது.

நீண்ட கைப்பிடி அரத்தால் விளிம்பை மட்டும் ராவினேன். முழுப் பல்லையும் வழவழப்பாக்கிவிடும் ஆர்வக்கோளாறு ஆபத்தானது. புல்லை அரைக்க மேடுபள்ளம் வேண்டும்.

"தீனியை அரைகுறையாக மென்று உருண்டையாக உமிழ்ந்ததுண்டா?"

"பல மாதமாக, டாக்டர். ருசி பிடிக்கவில்லை என்று தீனியை மாற்றினேன்."

முரட்டுக் குதிரை என்று பெயரெடுத்து வருபவற்றில் பலவற்றுக்குச் சாட்டைதான் முதல் வைத்தியமாக நடந்திருக்கிறது. வாயைத் திறந்து பார்க்கும் எண்ணம் கடைசியில்தான் வருகிறது.