மிஸ் ஏபி

வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்திலிருந்து எனக்கு வந்த முதல் கடிதம் "அன்புள்ள மிஸ் ஏபி" என்று தொடங்கியது. மலேசியத் தமிழர்கள் இந்நேரம் சிரித்திருப்பார்கள். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம்.

எங்கள் ஐசியில், அதாவது அடையாள அட்டையில், பெயர் மூன்று துண்டாக இருக்கும். முதலில் என் பெயர், நடுவில் ஏ/பி, கடைசியில் அப்பா பெயர். ஏ/பி என்றால் மலாயில் 'அனாக் பெரம்புவான்', அதாவது மகள். ஆண்களுக்கு ஏ/எல், 'அனாக் லெலாகி'. தாத்தாவின் பழைய பத்திரங்களில் இதையே ஆங்கிலத்தில் எஸ்/ஓ ('சன் ஆஃப்') என்று போட்டிருப்பார்கள். சிங்கப்பூரில் இருக்கும் மாமாவுக்கு இன்னமும் அதுதான். குடும்பப் பெயர் என்ற ஒன்று எங்கள் வீட்டில் யாருக்குமே கிடையாது.

வெளிநாட்டுப் படிவத்திலோ இரண்டே கட்டங்கள், முதல் பெயர், குடும்பப் பெயர். இரண்டையும் நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது.

எனக்காக அதை நிரப்பியவர் ஒரு ஏஜெண்ட். பினாங்குத் தீவுப் பக்கம், ஒரு பேரங்காடியின் மூன்றாவது மாடியில் அலுவலகம். நல்ல மனிதர்தான், காப்பியெல்லாம் கொடுத்தார், காசே வாங்கவில்லை. இவர்களுக்குப் பல்கலைக்கழகம் கமிஷன் கொடுக்கும் என்பதால் நம்மிடம் கேட்பதில்லை. அதனாலேயே தங்களோடு ஒப்பந்தம் உள்ள இடங்களைத்தான் முதலில் காட்டுவார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பிரிட்டனுக்கு யூகாஸ் என்ற பொது விண்ணப்ப அமைப்பு வழியாக ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். அவர் காட்டிய ஐந்தில் இரண்டில் நான் கேட்ட படிப்பே இல்லை. "மெக்கானிக்கல் எடுத்துக்கம்மா, எல்லாம் ஒண்ணுதான்" என்றார். ஒண்ணு இல்லை. அந்த இரண்டையும் மாற்ற வைத்தேன். பெயர்க் கட்டத்தைச் சரிபார்க்கத்தான் தோன்றவில்லை.

நான் கேட்டது கப்பல் வடிவமைப்புப் பொறியியல். சௌதாம்டனிலும் கிளாஸ்கோவில் ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. ஏன் கப்பல் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். நாங்கள் பட்டர்வொர்த், தீவுக்கு எதிர்க்கரை. அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறார். சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய ஃபெரியில் ஏறித் தீவில் உள்ள ஜார்ஜ்டவுன் போவோம், லிட்டில் இந்தியாவில் பசியாறிவிட்டு அடுத்த ஃபெரியில் திரும்புவோம். அந்த ஃபெரிக்கு முன் பக்கம், பின் பக்கம் கிடையாது. இரண்டு முனையும் ஒரே மாதிரி. கரையில் வந்து முட்டும், வண்டிகள் இறங்கும், அப்புறம் திரும்பாமலேயே வந்த வழியே போகும். எப்படி என்று அப்பாவைக் கேட்டேன். "தெரியலையே பாப்பா, நீ படிச்சுச் சொல்லு" என்றார். 2023 ஆகஸ்டில் வந்த புது ஃபெரிகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் சைக்கிளையும் மட்டும்தான் ஏற்றுகின்றன, காரை ஏற்றுவதில்லை. அப்பாவுக்கு அதில் இன்னும் கோபம்.

இதைத்தான் யூகாஸுக்கு எழுதிய சுயவிளக்கத்தில் போட்டேன். 2026-இல் சேர்பவர்களிலிருந்து அதன் அமைப்பை மாற்றிவிட்டார்கள். முன்பு ஒரே நீளக் கட்டுரை. இப்போது மூன்று கேள்விகள்: ஏன் இந்தப் படிப்பு, இதுவரை படித்தது இதற்கு எப்படி உதவும், பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய். மூன்றுக்கும் சேர்த்து, இடைவெளியையும் எண்ணி, 4,000 எழுத்துகள். ஒவ்வொன்றிலும் குறைந்தது 350. என் முதல் வரைவு ஐந்தாம் படிவத்தில் எழுதும் எஸ்.பி.எம் தேர்வுக் கட்டுரை மாதிரி இருந்தது: நான் கடின உழைப்பாளி, தலைமைத்துவப் பண்பு உள்ளவள், பெற்றோர் சொல் தட்டாதவள். பௌதிக டீச்சர் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் "கப்பல் எங்கே?" என்று எழுதிக் கொடுத்தார். தன்னைப் பற்றித் தானே பெருமையாக எழுதுவது நமக்கு வராது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்களிடம் நானே என்னைப் பற்றிச் சொல்வது போல இருந்தது. ஃபெரியைப் பற்றி எழுதத் தொடங்கிய பிறகுதான் கை ஓடியது.

கடைசி நாளில் மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். லண்டன் மணிக்கு. இங்கே அது விடியற்காலை இரண்டு. ஜனவரி நடுவில், சரியாகப் பொங்கல் நேரம். எனக்கு ஒரு நாள் முன்னாலேயே முடிந்துவிட்டதால் அம்மாவோடு கோலம் போட முடிந்தது.

தேர்வுகள் பற்றி ஒரு வரி. ஆறாம் படிவத்துக்குப் போகிறேன் என்றபோது, வெளிநாடு போக வேண்டுமானால் தனியார் கல்லூரியில் ஏ-லெவல் எடுக்க வேண்டும் என்று பயமுறுத்தியவர்கள் பலர். ஆறாம் படிவ முடிவில் வரும் எஸ்.டி.பி.எம் தேர்வை அங்கே ஏற்றுக்கொள்கிறார்கள். என்ன, மூன்று பருவத்திலும் முட்டி மோத வேண்டும். எப்படியும் எழுதியாக வேண்டிய மூவெட் என்ற உள்நாட்டு ஆங்கிலத் தேர்வோடு, ஐஈஎல்டிஎஸ் என்ற அனைத்துலக ஆங்கிலத் தேர்வும் தனியாக எழுதினேன். ஐஈஎல்டிஎஸ் மதிப்பெண் இரண்டு வருஷம்தான் செல்லும், ரொம்ப முன்னாலேயே எழுதிவிடாதீர்கள்.

சரி, மிஸ் ஏபிக்கு வருகிறேன். கடிதம் வந்த அன்று வீட்டில் எல்லாரும் சிரித்தோம். தம்பி ஒரு வாரம் என்னை ஏபி என்றே கூப்பிட்டான். விஷயம் சிரிப்பு இல்லை என்று தெரிந்தது ஈபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி, அலுவலகத்தில்.

பிடிபிடிஎன் என்ற அரசாங்கக் கல்விக் கடன் உள்நாட்டுப் படிப்புக்குத்தான். பிரிட்டனிலோ இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு ஆண்டுக் கட்டணத்துக்கு உச்சவரம்பு உண்டு, 2025-26இல் 9,535 பவுன். எங்களைப் போல வெளியிலிருந்து போகிறவர்களுக்கு உச்சவரம்பே இல்லை. பல்கலைக்கழகத்தின் அரை உதவித்தொகை, வீட்டின் மேல் ஒரு கடன், அப்பாவின் ஈபிஎஃப் என்று மூன்றையும் கோத்துத்தான் கணக்குப் போட்டோம். 2024 மே மாதத்திலிருந்து ஈபிஎஃப் சந்தாவை மூன்றாகப் பிரிக்கிறார்கள்: ஓய்வுக்கு 75 விழுக்காடு, 'செஜாத்ரா' கணக்குக்கு 15, எப்போது வேண்டுமானாலும் எடுக்கும் கணக்குக்கு 10. பிள்ளைகள் படிப்புக்குச் செஜாத்ராவிலிருந்து எடுக்கலாம்.

அப்பா அன்று லீவு போட்டு, தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் என் பிறப்புப் பத்திரத்தையும் அந்தக் கடிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுப் பார்த்தார். கடிதத்தில் முழுப் பெயர் இருந்த வரியில் என் பெயர், அதை அடுத்து ஏபி, அவ்வளவுதான். அப்பா பெயரே இல்லை. ஏஜெண்டு ஏ/பியைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, அப்பா பெயரை எங்கேயும் சேர்க்கவில்லை.

"இனி அனாக் பாக்சிக்?" என்றார். இது உங்கள் பிள்ளையா, மாமா?

அப்பா ஆமாம் என்றார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு கடிதத்தைக் குனிந்து தேடினார். தன் பெயரைத் தேடுகிறார் என்று எனக்குப் புரிந்தது. இல்லாத இடத்தில் இரண்டு தடவை தேடினார்.

அந்தப் பெண் மேல் குற்றமே சொல்ல முடியாது. "எனக்குத் தெரியுது பாக்சிக், ஏ/பி என்றால் அனாக் பெரம்புவான்தானே. ஆனால் யாருடைய அனாக் என்று கடிதத்தில் இல்லையே" என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். திருத்திய கடிதம் வேண்டும்.

பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். ஏஜெண்டை இதற்குள் நுழைக்கவில்லை. இரண்டு நாளில் பதில் வந்தது: கடப்பிதழின் நகலும், இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று சத்தியப் பிரமாணமும் அனுப்பு. நல்ல வேளை, விசாவுக்கான சேர்க்கை எண்ணை அவர்கள் இன்னும் கொடுத்திருக்கவில்லை. அதில் பெயர் கடப்பிதழோடு ஒத்துப்போகாவிட்டால் பெரிய தலைவலி.

சத்தியப் பிரமாணத்தில் முத்திரை குத்தும் கமிஷனர் ஆஃப் ஓத்ஸின் அலுவலகம் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில். படி செங்குத்து. மேலே ஒரு மேசை, ஒரு காற்றாடி, காகிதம் பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு மைலோ டின். தமிழர்தான், அறுபது வயதுக்கு மேல் இருக்கும். நான் தட்டச்சு செய்து கொண்டுபோனதை வாய்க்குள் முணுமுணுத்தபடி படித்தார். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி என்ற கடைசி வரி வந்ததும் தலையாட்டினார்.

"ஏ/பியா?"

"ஆமாங்க ஐயா."

"இதுக்கு என்கிட்ட வர்றவங்க நிறையப் பேரும்மா. போன மாசம் ஒரு பையன், வெளிநாட்டு வேலை. ஏ/எல்-ஐப் பார்த்து அங்க அவனை மிஸ்டர் அல்-னு கூப்பிடுறாங்களாம். அரபுக்காரன்னு நெனச்சிட்டாங்க." முத்திரையை மைப்பஞ்சில் இரண்டு தடவை அழுத்திவிட்டுக் குத்தினார். "அவளும் நீதான், இவளும் நீதான். சரிதானே? கையெழுத்துப் போடு."

போட்டேன்.

இப்போது விண்ணப்பிக்கிறவர்களுக்கு: ஏஜெண்டு நிரப்பினாலும் அனுப்புவதற்கு முன் பெயர்ப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடப்பிதழில் இருக்கும் அதே வரிசை, அதே எழுத்து. படிவத்தில் ஏ/பியின் நடுக் கோடு ஏறாவிட்டால் பல்கலைக்கழகத்தையே கேளுங்கள், பதில் சொல்கிறார்கள். ஏ/பியைக் குடும்பப் பெயராக மட்டும் ஆக்கிவிடாதீர்கள்.

திருத்திய கடிதம் ஒரு வியாழக்கிழமை இரவு பதினொன்றரைக்கு வந்தது. அங்கே அப்போது மாலை நாலரை, வீட்டுக்குப் போகும் முன் யாரோ அனுப்பியிருக்கிறார்கள். அப்பா காலை ஷிஃப்டுக்காகத் தூங்கிவிட்டிருந்தார். அச்சடித்து, முழுப் பெயர் இருக்கும் பக்கம் மேலே தெரிகிற மாதிரி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தேன். காலையில் எழுந்து பார்த்தால் காந்தம் மட்டும் இருந்தது, கடிதத்தைக் காணோம்.

சாயங்காலம் அப்பாவோடு திரும்பி வந்தது. நான்காக மடித்து, ஓரத்தில் தே தாரிக் கறையோடு. ஈபிஎஃப்புக்கு இன்னொரு பிரதி அச்சடித்துத்தான் கொடுத்தோம்.