மூன்றாம் முறையில் அடங்கிய கீச்சல்

என் எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிகளின் அதிர்வை மின்சிக்னலாக மாற்றும் பிக்கப்புகள் இரண்டு. கழுத்துப் பக்கம் இருக்கும் நெக் பிக்கப்புக்கு உலோகக் கவர் போட அரை மணி நேரம் ஆனது. கம்பிகளின் அடிமுனைப் பக்கம் இருக்கும் பிரிட்ஜ் பிக்கப்புக்கு மூன்று வாரக் கடைசி விடுமுறைகள் போயின. மேசையும் அதேதான், கையும் அதேதான். நேற்று இரவு ஆம்பிளிஃபயரில் கெயினை, அதாவது சிக்னல் பெருக்கத்தை, முழுக்கத் திருப்பி, கவரை நகத்தால் தட்டிப் பார்த்தேன். முன்பெல்லாம் மைக்கைத் தட்டியதுபோல் ஸ்பீக்கர் அதிரும். இப்போது எங்கோ தூரத்தில் மெலிதாக ஒரு ‘டொக்’, அவ்வளவுதான். ஸ்பீக்கர் ஒலியில் கவரே அதிர்ந்து எழுப்பும் கீச்சலும் இல்லை. அந்தத் தெம்பில் இதை எழுதுகிறேன்.

முதல் அசட்டுத்தனம் அளவில். கம்பிக்கு ஒன்றாகப் பிக்கப்பில் ஆறு ஸ்க்ரூக்கள், அவற்றுக்குக் கவரில் ஆறு துளைகள். முதல் துளைக்கும் ஆறாவதுக்கும் 50 மில்லிமீட்டர் இடைவெளி உள்ள கவரையே இரண்டு பிக்கப்புக்கும் வாங்கிவிட்டேன். பிரிட்ஜில் இருப்பது 53. நடு ஸ்க்ரூக்கள் துளைக்கு நேராக நின்றன, ஓரத்தில் இருந்த இரண்டும் உலோகத்தில் முட்டின. மையத்துக்கு மையம் அளப்பது கண்ணுக்குச் சிரமம் என்பவர்கள் முதல் ஸ்க்ரூவின் இடது விளிம்பிலிருந்து ஆறாவதின் இடது விளிம்பு வரை காலிப்பரில் அளந்தால் போதும், அதே எண்தான் வரும். இது வாங்கிய பிறகு தோன்றிய ஞானம்.

இரண்டாவது கவர் வந்ததும் உள்பக்கத்தை ஊசியால் கீறிப் பார்த்தேன். மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை. இது நிக்கல் சில்வர்தான். பெயரில்தான் வெள்ளி, உள்ளே இருப்பது செம்பு, நிக்கல், துத்தநாகம். பித்தளையைவிட மின்தடை அதிகம் என்பதால் கவரில் சுழல் மின்னோட்டம் குறைவு, உச்ச ஒலிகள் அவ்வளவாக மழுங்குவதில்லை. கிப்சன் கிட்டார் நிறுவனத்தில் சேத் லவர் இந்த வகைப் பிக்கப்புக்கு 1955இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்த காலத்திலிருந்து நல்ல கவர் என்றால் இந்த உலோகம்தான். விற்பவர்களில் பாதிப் பேர் ‘குரோம் கவர்’ என்று மேல்பூச்சை மட்டும் சொல்கிறார்கள். அடியில் என்ன உலோகம் என்று கேட்டால் பதிலே வராது. பதில் சொல்லாதவரிடம் நான் வாங்குவதில்லை.

சரி, பற்றவைப்புக்கு வருவோம். மூன்று வாரத்தைத் தின்றது இதுதான்.

முதல் முயற்சியில் கையில் இருந்தது 25 வாட் சால்டரிங் அயர்ன். வால்யூம் குமிழின் அடியில் ஒயர் வைக்க அது போதும். பிக்கப்பின் அடித்தகடான பேஸ்பிளேட்டும் கவரும் சேர்ந்தால் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன, ஈயம் உருகி ஓடாமல் கஞ்சிபோல் குழைகிறது. ஒரு நிமிடத்துக்கு மேல் அழுத்திப் பிடித்திருந்தேன். கவர் தொட முடியாத சூட்டில் இருந்தது, இணைப்போ ஆறியதும் நகம் பட்டே பெயர்ந்து வந்தது. பயந்துபோய் பிக்கப்புக்குள் இருக்கும் செம்புக்கம்பிச் சுருளான காயிலை அளந்தால், 8.2 கிலோ ஓம் காட்ட வேண்டியது 9.2 காட்டியது. போச்சு என்று நினைத்தேன். அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மீண்டும் 8.2. செம்பு சூடானால் மின்தடை ஏறும் என்பது பள்ளிக்கூடப் பாடம். பதற்றத்தில் யாருக்கு நினைவு வருகிறது!

சின்ன அயர்ன்தான் பிக்கப்புக்குப் பாதுகாப்பு என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். நடப்பது நேர்மாறு. 80 வாட், அகலமான உளிமுனை, நான்கு விநாடி: ஈயம் பளிச்சென்று ஓடி உட்கார்ந்துவிடும், சூடு காயில் வரை போக நேரமே இல்லை. அதற்கு முன் பற்றவைக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஈயம் ஒட்ட உதவும் ரோசின் பிளக்ஸ் தடவி, கவரிலும் பேஸ்பிளேட்டிலும் தனித்தனியாக ஈயம் பூசிவிட வேண்டும். குரோம் மேல் ஈயம் ஒட்டவே ஒட்டாது, சுரண்டித்தான் ஆக வேண்டும். தேய்க்கும் இரும்பு நாரான ஸ்டீல் வுல் மட்டும் அந்த அறைக்குள்ளேயே வரக்கூடாது. பிக்கப்பின் காந்தத்தில் ஒட்டிய ஒரு துகளை எடுக்க ஒரு மாலையே போனது எனக்கு.

இரண்டாவது முயற்சியில் அதிபுத்திசாலித்தனம். கவருக்கும், காயில் சுற்றியிருக்கும் சட்டமான பாபினுக்கும் இடையே காற்று இருந்தால்தானே கவர் அதிர்ந்து கீச்சிடும்? அதனால் முதலிலேயே கவருக்குள் உருகிய மெழுகை ஊற்றி, பிக்கப்பை அமுக்கினேன். மெழுகு பிதுங்கி ஓரமெல்லாம் வழிந்தது. அதன் மேல் ஈயம் தாமரை இலைத் தண்ணீர்போல் உருண்டது. துடைத்துச் சுரண்டி ஒருவழியாகப் பற்றவைத்தேன். ஆனால் அந்தச் சூட்டில் உள்ளே மெழுகு இளகி, கவர் ஒரு மயிரிழை மேலே எழும்பியிருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியவில்லை. கெயினை ஏற்றியதும் காது கிழிந்தது.

மூன்றாவது முறை வரிசையை மாற்றினேன். ஸ்க்ரூக்களை உள்ளே இறக்கி, கவர் முகத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, இரண்டு மரத்துண்டுகளுக்கு நடுவே கிளாம்பில் இறுக்கினேன். இறுகிய நிலையிலேயே பக்கத்துக்கு ஒரு புள்ளி ஈயம். அப்புறம்தான் மெழுகு: பாரஃபின் எட்டுப் பங்கு, தேன்மெழுகு இரண்டு பங்கு. தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரத்தில் 65 டிகிரியில் உருக்கி, பிக்கப்பை அதில் முக்கினேன். நேரடி நெருப்பு கூடாது. 70ஐத் தாண்டினால் பாபின் வளையும் என்பதால் வெப்பமானியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஸ்க்ரூ துளைகள் வழியே குமிழ் வந்துகொண்டே இருந்தது. நிற்க இருபது நிமிடம் ஆனது. அவ்வளவு காற்று உள்ளே இருந்திருக்கிறது.

ஒலி? கவர் இல்லாதபோது இருந்த கூர்மை கொஞ்சம் குறைந்திருக்கிறது. பிக்கப்பை அரை மில்லிமீட்டர் உயர்த்தியதும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஆறு ஸ்க்ரூக்களின் உயரத்தை இன்னும் சரிசெய்யவில்லை, மூன்றாவது கம்பி மட்டும் தனியாகக் கத்துகிறது.

அதை முடிக்காமலே அடுத்த ஆசை வந்துவிட்டது: நெக் பிக்கப்புக்கு ஃபேஸ் மாற்றும் சுவிட்ச், அதாவது அதன் சிக்னலைத் தலைகீழாக்கும் சுவிட்ச். அதில் இருப்பது ஒற்றை ஒயர், சுற்றிலும் தரையிணைப்பான உலோகப் பின்னல். கவர் அந்தப் பின்னலோடு சேர்ந்திருக்கிறது. ஃபேஸைத் திருப்பினால் கவர் சிக்னல் பக்கம் போய்விடும், கை பட்டாலே இரையும். காயிலின் முனையைப் பேஸ்பிளேட்டிலிருந்து பிரித்து, தனி ஒயர் கொடுக்க வேண்டும். அதாவது அரை மணியில் ஒழுங்காக முடிந்த அந்த ஒரே கவரைக் கழற்ற வேண்டும். கிட்டாரின் பின்பக்க மூடிக்கான திருகுகள் இன்னும் கிண்ணத்தில்தான் கிடக்கின்றன.