பணம் யார் பெயரில் இருக்கிறது?

பலர் பணத்தைச் சேர்த்து முதலீடு செய்யும் ஃபண்டுகளுக்குக் கணக்கு எழுதும் வேலைக்கு வந்த புதிதில், கம்பெனி, பார்ட்னர்ஷிப் போன்ற சட்ட அமைப்பு என்பதே வரியை மிச்சம் பிடிக்கும் தந்திரம் என்றுதான் நினைத்திருந்தேன். அதை மாற்றியது ஓர் எக்செல் ஷீட்.

அதைக் கொண்டுவந்தவர் கெட்டிக்கார டிரேடர். நண்பர்கள் கொடுத்த பணத்தைத் தன் பெயரிலிருந்த ஒரே கணக்கில் போட்டு டிரேடிங் செய்துவந்தார். லாபம் வந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. புரிவதற்காகச் சின்ன எண்களில் சொல்கிறேன். முதலில் இருவர் ஆளுக்கு 100 கொடுத்தார்கள். அந்த 200, 300 ஆனபோது மூன்றாமவர் 100 கொண்டுவந்தார். நம்மவர் மூவருக்கும் சமபங்கு எழுதிவிட்டார். மூன்றாமவருக்கு உரியது காற்பங்குதான். ஆனால் போட்ட அன்றே அவருடைய 100, 133 ஆகிவிட்டது. முன்னவர்களின் 150 சத்தமில்லாமல் 133-க்கு இறங்கியது. திருட்டு எண்ணமே கிடையாது, மொத்தப் பணத்தைச் சம மதிப்புள்ள யூனிட்களாகப் பிரித்துப் பங்கு பார்க்கும் யூனிட் கணக்கு தெரியவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு வரவையும் அன்றைய மதிப்பில் யூனிட்டாக மாற்றி எழுத எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

கணக்கைத் திருத்தலாம், கணக்கிலிருக்கும் பெயரை என்ன செய்வது? "நாளைக்கு உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா இந்தப் பணம் யாரோடது சார்?" என்று கேட்டேன்.

"என் மனைவிக்கு எல்லாம் தெரியும்" என்றார்.

மனைவிக்குத் தெரியும், வங்கிக்குத் தெரியாதே! அவருக்குக் கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டாலும், வரி அதிகாரி வந்து பார்த்தாலும், முதல் பார்வைக்கு அத்தனையும் அவர் சொத்து, அவர் வருமானம்.

இரண்டு வழிகளைச் சொன்னேன். எளியது, அவரவர் பணம் அவரவர் பெயரிலேயே புரோக்கரிடம் இருப்பது. டிரேடருக்கு வாங்கவும் விற்கவும் மட்டும் பவர். பணத்தை வெளியே எடுக்க முடியாது. இன்னொன்று, லிமிடெட் பார்ட்னர்ஷிப் என்ற தனி அமைப்பு. விலை ஏறினாலும் இறங்கினாலும் லாபம் தேடும் ஹெட்ஜ் ஃபண்டின் முன்னோடியான ஆல்ஃபிரட் வின்ஸ்லோ ஜோன்ஸ் 1949-ல் 1,00,000 டாலரோடு தொடங்கியபோது அதில் 40,000 அவருடையது. 1952-ல்தான் லிமிடெட் பார்ட்னர்ஷிப்பாக மாற்றினார். இந்த அமைப்பில் பணம் போட்டவரின் நஷ்டம் போட்டதோடு நின்றுவிடும். நடத்துபவரின் பொறுப்புக்கு எல்லை இல்லை. அதனால்தான் இன்று நடத்துபவர் இடத்திலும் ஒரு கம்பெனியை உட்காரவைக்கிறார்கள்.

பலர் பணத்தைச் சேர்த்து, பின்தேதி விலை ஒப்பந்தங்களில் டிரேடிங் செய்யும் ஃபண்டுக்கு ஃபியூச்சர்ஸ் பூல் என்று பெயர். அமெரிக்காவில் அதை நடத்துவதற்கான விதிகளில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு: பூல், நடத்துபவரிடமிருந்து தனியான சட்ட அமைப்பாக இருக்கவேண்டும், பணம் அதன் பெயரில்தான் வரவேண்டும், வேறு யார் பணத்தோடும் கலக்கக்கூடாது. முதலீட்டாளர்கள் 15 பேருக்கு மிகாமல், மொத்த முதலீடு 4,00,000 டாலருக்குள் இருந்தால், நடத்துபவர் அரசு அமைப்பில் பதிவு செய்வதிலிருந்து விலக்குக் கேட்கலாம். ஆனால் மோசடித் தடை விதியிலிருந்து விலக்கு இல்லை. 2008-ல் பிடிபட்ட பெர்னார்ட் மேடாஃப் முதலீட்டு மோசடியில் பணத்தை வைத்திருந்ததும், டிரேடிங் செய்ததாகச் சொன்னதும், ஸ்டேட்மென்ட் அனுப்பியதும் ஒரே நிறுவனம்தான். பூல் ஆவணம் எது வந்தாலும் நான் முதலில் புரட்டுவது, பணம் யாரிடம் இருக்கிறது, எடுக்க யார் கையெழுத்து வேண்டும் என்ற பக்கத்தைத்தான். லாபத்தில் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் பிறகு.

நம்மவர் தனித்தனிக் கணக்குகளையே தேர்ந்தெடுத்தார். திருத்திய கணக்கை அனுப்பியதும் முதலிருவரும் நன்றி சொன்னார்களாம். மூன்றாமவர் மட்டும், "உங்க கணக்குப்பிள்ளை வந்துதான் என் காசு குறைஞ்சுது" என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.