குளியலகத்தில் நழுவிய முத்திரைக் கற்கள்

வேல்ஸ் நாட்டின் கேர்லியனில், ரோமானிய இரண்டாம் அகஸ்டா படையணியின் கோட்டைக் குளியலகத்தை அகழ்ந்தபோது, அதன் கழிவுநீர்க் கால்வாயிலிருந்து உருவம் செதுக்கிய 88 மோதிரக் கற்கள் கிடைத்தன. வெந்நீரும் ஆவியும் பட்டு, கல்லைப் பிடித்திருந்த பசை இளகியதால், நீராட வந்தவர்கள் அறியாமலேயே அவை மோதிரத்திலிருந்து கழன்று நீரோடு சென்றிருக்க வேண்டும். (படைவீரர்கள் மட்டுமல்ல, பெண்களும் குழந்தைகளும் அங்கு வந்ததற்குக் கொண்டை ஊசிகளும் பால்பற்களும் சான்றாகக் கிடைத்துள்ளன.)

விரல் நகத்தளவே உள்ள அக்கற்களில் தெய்வங்களையும் விலங்குகளையும் செதுக்கிய கைகளை நினைத்தால் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. சுழலும் கருவியின் நுனியில் கடினமான கல்தூளை வைத்துச் சிறிது சிறிதாகத் தேய்த்து, மெழுகில் முத்திரையாகப் பதியும்போது உருவம் புடைத்து நேராகத் தெரியும்படி, குழிவாகவும் இடவலம் மாற்றியும் அவர்கள் செதுக்கினார்கள். சூதுபவள வகைக் கற்களில் மெழுகு ஒட்டாது என்பதால் அவை முத்திரைக்கு ஏற்றவையாகக் கருதப்பட்டதை ரோமானிய எழுத்தாளர் பிளினி குறிப்பிடுகிறார்.

பேரரசர் அகஸ்டஸ் முதலில் மனிதத் தலையும் சிங்க உடலும் கொண்ட ஸ்பிங்க்ஸ் உருவத்தையும், அடுத்து அலெக்சாண்டரின் தலையையும், இறுதியாக டயஸ்கோரிடிஸ் செதுக்கிய தம் உருவத்தையும் முத்திரையாகக் கொண்டார். பின்வந்த பேரரசர்களும் அந்தக் கடைசி முத்திரையையே தொடர்ந்து பயன்படுத்தியதாக ரோமானிய வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியுள்ளார்.